சுஷில்கா குழு தமிழில் பாடவில்லை

1

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நாட்டுப்புறப் பாடல் எதையும் சேகரித்தவன் இல்லை, மொழிபெயர்த்தவனும் இல்லை. கொதிகலன் பொறியியல் படித்துவிட்டு, ஜோகூரில் தெப்ராவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நீராவிக் குழாய்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற மனிதன். இதை மூன்று மாதமாக ருஷ்யனில் சொல்லிவிட்டேன், ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன், கோபத்தில் மலாயிலும் கத்திவிட்டேன். நம்ப வேண்டியவன் நம்பவில்லை.

நாகர்கோவிலிலிருந்து நண்பர் ஒருவர் தன் பத்திரிகைக்கு மலேசிய வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார். இரட்டைக் கோபுரம், பத்துமலை என்று எதிர்பார்க்கிறார் போல. நான் இருப்பது தெற்கு மூலை. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், அந்த நெரிசலில் தாண்ட முடிந்தால். இங்கே எழுத விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் இப்போது என் மண்டைக்குள் ஓடுவது மலேசியா இல்லை, சோவியத் யூனியன். ஒரு வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு வெளிநாட்டுக்காக ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ள என்னைப் போன்ற ஆட்களால்தான் முடியும்.

ஆரம்பித்தது ஒரு அலுவலகத்தில். என் வசிப்பு அனுமதி சம்பந்தமாக ஒரு விவரத்தைக் கணினியில் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். பட்டம் வாங்கிய நாடு எது என்ற இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். பிறகு மலாயில், "இந்த நாடு லிஸ்ட்ல இல்லையே, அங்கிள்," என்றாள்.

"இப்போ இல்லை. அப்போ இருந்தது."

"அப்போன்னா?"

"நான் படிச்சப்போ."

அவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேருமாகச் சேர்ந்து, வேறு ஏதாவது ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி என்னிடம் அன்பாகச் சொன்னார்கள். நான் ருஷ்யா என்று போட்டுவிட்டு வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் போனை எடுத்தால், ருஷ்யாவிலிருந்து ஒரு செய்தி காத்திருந்தது.

"மதிப்பிற்குரிய செல்வராஜ் மாசிலாமணியோவிச் அவர்களே," என்று தொடங்கியிருந்தது. மாசிலாமணி என் அப்பா. அந்த ஊரில் அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை. நாற்பது வருடமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த வெயிலில் ஒரு நிமிஷம் நின்று சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நிமிஷத்தோடு சந்தோஷம் தீர்ந்தது.

2

எழுதியவன் பெயர் கிரீல். முப்பது வயது இருக்கும். அந்த ஊர் நூலகத்தில் வேலை. ஊரில் சோவியத் காலத்தில் மறைவாக இயங்கிய ராக் குழுக்களின் வரலாற்றைத் தொகுக்கிறான். அதில் ‘சுஷில்கா’ என்ற குழுவின் பாட்டுகளை இசைத்தட்டாகவே போடப்போகிறார்களாம். அதன் உறையில் அச்சிடப்போகும் வாசகத்தைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தான்: "சொற்கள்: தமிழ் நாட்டுப்புறப் பாடல்கள். ருஷ்ய மொழிபெயர்ப்பு: செல்வராஜ் மாசிலாமணி."

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பாட்டுகளில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. எல்லாம் கோல்யா எழுதியவை. கோல்யா இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். என் அப்பா நாகர்கோவிலில் பஸ் கண்டக்டர். அவருடைய சங்கத்தின் சிபாரிசில் எனக்கு சோவியத் நாட்டில் படிக்க இடம் கிடைத்தது. மாஸ்கோ என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய் இறங்கியது வோல்கா ஓரத்தில், மாஸ்கோவிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலை ஊர். விடுதியின் அடித்தளத்தில் துணி காயப்போட ஒரு அறை உண்டு. அதற்குத்தான் சுஷில்கா என்று பெயர். பக்கத்திலேயே கொதிகலன் அறை. சுவர் முழுக்கச் சூடான குழாய்கள். பனிக்காலத்தில் விடுதியிலேயே உடம்பு நடுங்காமல் உட்கார முடிந்த ஒரே இடம் அதுதான். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

அந்தக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவன்தான் கோல்யா. நீண்ட கழுத்து, எரிந்த புருவம். வேலை முடிந்ததும் ஈரப் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து கிட்டார் வாசிப்பான். பல் மருத்துவம் படித்த ஒருவன் பேஸ் கிட்டார். இன்னொருவன் டிரம்ஸ். கிட்டாரில் ஒலியை வாங்கும் காந்தம் கடையில் கிடைக்காது. அதனால் தெருவிலிருக்கும் பொதுத் தொலைபேசியின் ரிசீவரைக் கழற்றி, உள்ளே இருப்பதை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். நாட்டிலிருந்த குழுக்களெல்லாம் செய்த வேலைதான் அது. எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் போன் பேச முடியாமல் போனதற்கு எங்கள் குழுவே முழுப் பொறுப்பு.

கச்சேரி வீடுகளில் நடக்கும். ஜன்னலில் மெத்தையைச் சாத்திவிட்டு, கூடத்தில் இருபது முப்பது பேர் நெருக்கி உட்காருவார்கள். பூட்ஸை வாசலில் கழற்றியிருப்பதால் எல்லாருக்கும் காலுறை மட்டும்தான். ராக் இசை என்றால் இன்றைக்கும் எனக்கு ஈரக் காலுறை வாடைதான் ஞாபகம் வரும். யாராவது டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதிலிருந்து ஒருவர் பிரதி எடுப்பார், அந்தப் பிரதியிலிருந்து இன்னொருவர். எங்கோ தூரத்து ஊர்க்காரன் கையில் போய்ச் சேரும்போது, கோல்யா கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும்.

கோல்யா பாட்டைக் காகிதத்தில் எழுதவே மாட்டான். "காகிதம் பேசும்," என்பான். எல்லாம் தலைக்குள்தான். இன்றைய தலைவலிக்கு அதுதான் காரணம்.

3

மேலே தலைவர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒவ்வொரு மரணத்துக்கும் நடன நிகழ்ச்சிகள் ரத்தாகும். அதோடு ராக் குழுக்கள் மேல் திடீரென்று கெடுபிடி அதிகமானது. மேடையில் பாட வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் தட்டச்சு செய்து கலாசாரத் துறையில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். கொதிகலன்காரன் எழுதிய பாட்டுக்கு யார் முத்திரை குத்துவார்கள்?

ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நட்பு நாடுகளின் மக்கள் பாடல்களைப் பாடலாம். அதைப் பாடினால் பாராட்டுகூட உண்டு. கோல்யா என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சேவா, உங்க ஊரில் விவசாயிகள் உண்டா?" செல்வராஜ் அவர்கள் வாயில் நுழையாமல் சேவா ஆகியிருந்தது.

"உண்டு."

"கஷ்டப்படுகிறார்களா?"

"நிறைய."

"போதும்," என்றான்.

கோல்யாவின் பாட்டு ஒன்று, கடை வரிசையைப் பற்றியது. அங்கே வரிசையில் சேரும்போது, "கடைசி ஆள் யார்?" என்று கேட்டுவிட்டுத்தான் நிற்பார்கள். பாட்டில் ஒருவன் கேட்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் தாங்கள்தான் முதலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கதவோ திறக்கவே இல்லை. இதை அப்படியே மேடையில் பாடினால் மறுநாள் விடுதிக்குப் போலீஸ் வண்டி வந்திருக்கும். நாங்கள் தலைப்பை மட்டும் மாற்றினோம்: ‘ஜமீன்தாரின் நெற்களஞ்சியத்துக்கு முன்னால் தமிழ்க் கூலிகள்’. கலாசாரத் துறையில் இருந்த அம்மாள் கண் கலங்கி முத்திரை குத்தினார். நிலப்பிரபுத்துவம் எவ்வளவு கொடூரம் என்று எனக்கே விளக்கினார். அவர் கையில் இருந்த வலைப்பையில் அன்றைக்கு எங்கேயோ வரிசையில் நின்று வாங்கிய இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது.

இப்படி ஒன்பதோ பத்தோ பாட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், ‘மொழிபெயர்ப்பு’ என்று போட்டு நான் கையெழுத்திட்டேன். ஊரில் இது தெரியாத ஆளே இல்லை. முத்திரை குத்திய அம்மாளைத் தவிர. ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

பிறகு எல்லாமே அனுமதிக்கப்பட்ட காலம் வந்தது. முத்திரை தேவையில்லை, மெத்தையால் ஜன்னலை அடைக்கத் தேவையில்லை. குழு ஒரே வருடத்தில் கலைந்தது. பல் மருத்துவன் பல் பிடுங்கப் போய்விட்டான். நான் ஊருக்கு வந்தேன். என் பட்டத்தை வைத்து அங்கே ஒரு வாட்ச்மேன் வேலைகூடத் தரமாட்டேன் என்றார்கள். சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வந்தேன். செடெனாக் தோட்டத்துக் குடும்பத்துப் பெண் ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டு பாலத்துக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டேன். கோல்யா மட்டும் அதே கொதிகலனுக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தான்.

4

"கோல்யாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை," என்றான் கிரீல். வீடியோ அழைப்பில் பார்க்க நல்ல பையனாகத்தான் தெரிந்தான். பின்னால் புத்தக அலமாரி. எனக்கு மதியம், அவனுக்குக் காலை.

"எப்படி இருக்கும்? இருக்கக் கூடாது என்றுதானே அப்படிச் செய்தோம்."

"காப்பகத்தில் முத்திரையோடு பத்துப் பாட்டும் இருக்கிறது. எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து."

"அந்தக் கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன், அது பொய்."

"நினைவு மாறும், செல்வராஜ் மாசிலாமணியோவிச். ஆவணம் மாறாது."

கல்லில் நார் உரிப்பது என்பார்கள். நான் உரித்துப் பார்த்தேன். கோல்யாவின் தங்கை நாத்யா உயிரோடு இருக்கிறாளே, அவளைக் கேள் என்றேன். கேட்டானாம். அவள் உறவுக்காரி, அதனால் அவள் சாட்சி செல்லாதாம். குழுவின் மற்ற இருவரும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லையாம். இந்தியாவின் தொன்மையான விவசாயப் பாடல்களை ருஷ்யத் தொழிலாளிகள் ராக் இசையில் பாடியது உலக அளவில் ஆர்வம் தரும் விஷயம் என்றான். கடைசியில், தமிழ் மூலங்களை அனுப்பினால் உறையில் ஒரு பக்கம் ஒதுக்கித் தருவதாகவும் சொன்னான்.

"மூலமே இல்லை, லா," என்று ருஷ்யனில் கத்தினேன். முப்பத்தைந்து வருடம் இங்கே இருந்ததில், இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்கு வால் போடும் லா என் ருஷ்யனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த லா என்றால் என்ன, தமிழ்ச் சொல்லா என்று அவன் குறித்துக்கொண்டான்.

ஸ்டெல்லா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த ரஷ்யாக்காரனா மறுபடியும்? பசியாறிட்டு வந்து சண்ட போடுங்க. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

"கோல்யா பாட்டை ஏதோ கூலிக்காரங்க பாட்டுன்னு போடப்போறான்."

"நம்மளும் கூலிக்காரங்க பரம்பரைதான். அதுக்கு என்னா இப்போ?"

"அதில்லை ஸ்டெல்லா. அவன் எழுதினது."

அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ விடாதீங்க," என்றாள். "செத்தவங்களுக்கு வேற யாரு பேசுவாங்க."

அதற்குள் நாத்யாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. "சேவா, எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அண்ணன் பெயர் ஒரு இடத்திலாவது அச்சில் வரட்டும். கல்லறையிலே தவிர வேறு எங்கேயும் அவன் பெயர் அச்சில் வந்ததே இல்லை," என்றாள். உறை அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது.

அன்று முழுக்க மழை. மாடியில் போட்ட துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை. துணி காயப்போடும் அறையின் பெயரை வைத்துக்கொண்ட குழுவுக்காக, எதுவுமே காயாத ஊரில் உட்கார்ந்து அல்லாடிக்கொண்டிருந்தேன்.

5

மறுவாரம் கிரீல் வெற்றிக் குரலில் அழைத்தான். சுஷில்கா கலந்துகொண்ட நட்பு விழாவின் ஒலிநாடா ஒன்று யாருடைய கார் கொட்டகையிலோ கிடைத்திருக்கிறது. அதில் நானே தமிழ் மூலத்தைச் சொல்கிறேனாம்.

அந்த விழா ஞாபகம் இருக்கிறது. மேடைக்குப் போகும் கடைசி நிமிஷத்தில் அந்தக் கலாசாரத் துறை அம்மாள், முதலில் மூலமொழியில் ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னார். நான் மைக் முன்னால் நின்று ஏதோ சொன்னேன். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். ஆனால் என்ன சொன்னேன் என்பது சத்தியமாக ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடத்துச் செய்யுள் எதையாவது ஒப்பித்துத் தொலைத்திருந்தால் கோல்யாவின் கதை அதோடு முடிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோமே என்று பயந்துகொண்டே அவன் அனுப்பிய ஒலியைத் திறந்தேன்.

முதலில் இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு இருபது வயது செல்வராஜின் குரல், தொண்டையைத் திறந்து:

"தோவாளை, ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி, திருநேலி, திருநேலி! ஏறு, ஏறு! படியில நிக்காத, உள்ள போ! சில்லற இருந்தா ஏறு! உள்ள போ, உள்ள போ!"

நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். அது அப்பாதான். நாகர்கோவில் பஸ் நிலையத்தில் அவர் தினமும் கத்தியது. மேடையில் பயத்தில் வாயைத் திறந்தபோது, படித்ததெல்லாம் மறந்து அப்பாதான் வெளியே வந்திருக்கிறார். அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இருந்தது. நாங்குநேரிக்கு அப்புறம் எனக்கு அழுகை முட்டியிருக்கிறது. அதனால்தான் அந்தப் பெண்ணும் அழுதிருக்க வேண்டும்.

நாடாவின் கடைசியில் வரிசைப் பாட்டு. கதவு திறக்காமல் பாட்டு முடியும் இடத்தில், கோல்யா தனியாக, வாத்தியம் எதுவும் இல்லாமல், "படியில நிக்காத, உள்ள போ" என்று பாடுகிறான். தமிழில்தான். அவன் நாக்கில் புரண்ட தமிழ். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒத்திகையில் இந்த ஊர்ப்பெயர்களை நான் விளையாட்டாகக் கத்துவதுண்டு. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கொதிகலன் அறையில் அவன் கேட்டான், சொன்னேன். "அர்த்தம் தெரியாமல் நான் பாடமாட்டேன்," என்றான். அவ்வளவுதான் நடந்தது.

உடனே கிரீலை அழைத்தேன். "அது பஸ் கண்டக்டர் கூவுவது. அவை ஊர்ப்பெயர்கள்," என்றேன்.

"ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்வது எல்லா நாட்டார் மரபிலும் உண்டு," என்றான் அவன். "புனித யாத்திரைத் தலங்களா?"

"நாங்குநேரியில் பஸ் டீ குடிக்க நிற்கும். அவ்வளவுதான் புனிதம்."

"ஆனால் நான் மென்பொருளில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தான். "‘மேலே ஏறு. படிக்கட்டில் தங்கிவிடாதே, உட்புறம் செல். சிறியவை உன்னிடம் இருந்தால் மேலே ஏறு.’ எளியவர்களுக்கே உயர்வு என்ற பொருள். கோல்யாவே இதைக் கடைசியில் பாடுகிறான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? பாட்டு தமிழ்தான்."

சில்லறை கேட்டது ஆன்மிகம் ஆகிவிட்டது. அப்பா இருந்திருந்தால், ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டும் ஆளைப் பார்ப்பது போல அவனைப் பார்த்திருப்பார். அழைப்பைத் துண்டித்தேன். அன்று இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாகப் போட்டேனா என்று ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

6

என் மகள் அனிதா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு அறை எடுத்திருக்கிறாள். சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவாள். சின்ன வயதில் ருஷ்யக் கதை கேட்பாள். இப்போது நான், "எங்க விடுதியிலே," என்று தொடங்கினாலே போனை எடுத்துக்கொள்கிறாள். அவள் தமிழ், வீட்டுத் தமிழ். அதில் பாதி மலாய், மீதி ஆங்கிலம். நான் அவளோடு நாகர்கோவில் தமிழில் பேசினால், "ப்பா, ஸ்லோவா," என்பாள். குறை சொல்லவில்லை. அவள் வயதில் நானும் அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தபால்தான் போட்டேன்.

அந்த சனிக்கிழமை ஸ்டெல்லாவின் அக்கா மெர்சிங்குக்குத் திரும்ப வேண்டும். அவரை லார்க்கின் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வர அனிதா காரை எடுத்தாள். நான் முன்னால், பெரியம்மா பின்னால். என் போன் காரின் ஒலிபெருக்கியோடு தானாக ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து நூறு தடவை கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒலி, கார் முழுக்க அலறியது.

"அலமாக்," என்றார் பெரியம்மா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

நான் நிறுத்தத் தடவினேன். அனிதா என் கையைத் தட்டிவிட்டாள். "வெயிட் ப்பா. யாரு இது? பஸ் ஏஜெண்டா?"

"உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர் பேரெல்லாம் நீ கேட்டதே இல்லையே."

"பேரு தெரியாது. டோன் தெரியுது லா. லார்க்கின்ல கத்துவாங்களே, சேம் அப்படியே."

கார் நகரவில்லை, வழக்கம் போல நெரிசல். நான் முழுக் கதையும் சொன்னேன். கோல்யா, முத்திரை, ஜமீன்தார், யாத்திரை. இந்தத் தடவை அவள் போனை எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

"அப்போ இது தாத்தா வாய்ஸா?" என்றாள் கடைசியில். அவள் பிறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அவர் குரல் எங்கேயும் பதிவாகவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"குரல் என்னோடது. கத்தினது அவர்."

லார்க்கினில் பெரியம்மா பையை இறக்கியதும், அனிதா நேராக டிக்கெட் கவுண்டர்கள் பக்கம் போனாள். அங்கே ஒரு தடித்த மலாய்க்காரர், துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கோத்தா திங்கி, ஜெமாலுவாங், மெர்சிங், மெர்சிங், மெர்சிங்!" என்று கூவிக்கொண்டிருந்தார். ஏறச் சொன்னார். உள்ளே போகச் சொன்னார். வாசலில் நிற்காதே என்றார். அதே இழுப்பு, கடைசி ஊரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் அதே தாளம். அனிதா மலாயில் அவரிடம் பேசிப் பதிவுசெய்ய அனுமதி கேட்டாள்.

"எதுக்கு? வைரலா?" என்றார் அவர்.

"ரஷ்யாவுக்கு, பக்சிக்." பக்சிக் என்றால் நம் மாமாதான்.

ரஷ்யா என்றதும் அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு இன்னும் உரக்கக் கூவினார். மெர்சிங் போகாதவர்கள்கூட இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அனிதா இரண்டு ஒலிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி கிரீலுக்கு அனுப்பினாள். கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: முதலாவது என் தாத்தாவின் பஸ், இரண்டாவது மெர்சிங் பஸ், இதில் எது யாத்திரைப் பாடல் என்று சொல்லவும். மூன்று மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியது ஒரு பக்கம், இவள் அரை மணி நேரத்தில் செய்தது ஒரு பக்கம். எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எரிச்சலை மட்டும் வெளியே காட்டினேன்.

7

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் கிரீல் அழைத்தான். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"நூலகத்தில் எல்லாரையும் கூட்டிப் போட்டுக் காட்டினேன்," என்றான். "இரண்டாவது ஒலி முடிவதற்குள் சிரித்துவிட்டார்கள். எங்கள் டவுன் பஸ்ஸில் இருந்த கண்டக்டர் அம்மாவும் இப்படித்தான் கத்துவாள் என்று ஒரு கிழவி சொன்னாள். மூலமே பஸ் என்றால் மொழிபெயர்ப்பு என்பதும் பொய்தான். அதனால் முத்திரை வைத்த மற்றதையும் நம்ப முடியாது. மன்னியுங்கள்."

உறையை மாற்றிவிட்டான். திரையில் காட்டினான். ‘எல்லாப் பாடல்களும்: சொல், இசை, நிகலாய்’ என்று கோல்யாவின் முழுப்பெயர். நான் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தேன். இவனை நம்பி எதையும் விட முடியாது.

"ஒரு சின்ன விஷயம்," என்றான் கிரீல். "விழாவில் நீங்கள் கூவிய அந்த முன்னுரையை இசைத்தட்டின் முதல் தடமாக வைக்கிறோம். அதற்கு ஆசிரியர் பெயர் வேண்டும்."

"எங்க அப்பா பெயரைப் போடு. மாசிலாமணி, பஸ் கண்டக்டர்."

"அவர்தான் என்பதற்கு ஆவணம் ஏதாவது?"

மாத்திரை டப்பா எங்கே என்று தேடினேன். பிறகு, கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன். "கிரீல், மூன்று மாதமாக என்னை எப்படிக் கூப்பிடுகிறாய்?"

"செல்வராஜ் மாசிலா..." என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு குனிந்து எழுதிக்கொண்டான்.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மதியம் அனிதா கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது நாத்யா அழைத்தாள். அச்சான உறையைக் கிரீல் அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அழுது முடித்த குரல். நன்றி என்று இரண்டு தடவை சொன்னாள். அந்த நன்றியை என் மகளுக்குச் சொல் என்றேன்.

"சேவா, ஒன்று கேட்க வேண்டும்," என்றாள். "பாட்டின் கடைசியில் உங்கள் மொழியில் ஒரு வரி வருமே. அண்ணன் அதை வீட்டிலும் சொல்வான். கடைசியாக ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அதைத்தான் சொன்னான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் சட்டைமேல் கோட்டுகூடப் போடாமல் வாசல் படியில் நின்றுகொண்டிருந்தேன். ஏதோ பாட்டு வரி என்று விட்டுவிட்டேன். அதற்கு அர்த்தம் ஏதாவது உண்டா?"

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். பையோடு வாசலில் நின்ற அனிதா திரும்பிப் பார்த்தாள்.

பத்துப் பாட்டுகளுக்குக் கீழே மொழிபெயர்ப்பாளன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தமிழிலிருந்து ருஷ்யனுக்கு ஒரு வரியை நிஜமாகவே மொழிபெயர்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

"உண்டு, நாத்யா," என்றேன். "படியில் நிற்காதே, உள்ளே போ."